தீர்ப்புக்காகக் காத்திருந்த தடுப்பூசி

மருந்துக் கடைக்குப் புதிதாக வந்து சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கெல்லாம் என்னைவிடப் படிப்பு அதிகம். நான் எட்டாவதோடு நின்றவன். மருந்துப் பெயரை நீங்கள் படிக்கிற வேகத்துக்கு நான் எழுத்துக் கூட்டக்கூட மாட்டேன். ஆனால் கவுன்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிற மனுஷன் எதைக் கேட்டால் தலையாட்டுவான், எதைக் கேட்டால் சீறுவான் என்று அவன் செருப்பு விடுகிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன். அதில் அம்பத்தூரிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மருந்துக் கடையில் அட்டைப் பெட்டி தூக்குகிறவனாகச் சேர்ந்தவன் நான். பிறகு ஆவடியில் சொந்தக் கடை. அதற்கப்புறம் பூந்தமல்லி, கடைசியாகப் பாரிவாக்கம். சட்டப்படி ஒவ்வொரு கடைக்கும் படித்த பார்மசிஸ்ட் போட்டேன். படிப்பு அவர்களுடையது, பேச்சு என்னுடையது. கடைச் சாவியை என் மகனிடம் கொடுப்பதற்கு முந்தின பொங்கலின்போது அந்தப் பேச்சு என்னைக் கொண்டுபோய் நிறுத்திய இடத்தை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நாற்காலியில் உட்கார முடிவதில்லை, எழுந்து நின்றுதான் சொல்ல வருகிறது.

பாரிவாக்கம் கடைக்கு வழக்கமாக வருகிறவன் எதிராஜ். செம்பரம்பாக்கம் பக்கம் அவன் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. அது பிளாட்டும் கிடங்குமாகிவிட்டது, அவன் தண்ணீர் கேன் போடுகிற வண்டி ஓட்டுகிறான். மழைக்காலத்தில் அவனுக்கு மாரடைப்பு வந்து, நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருந்தார்கள். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை. அதே சமயம் அவன் மகள் ரேவதி தலைப்பிரசவத்துக்கு வந்து, பையன் பிறந்து, அப்பா வீட்டிலேயே இருந்தாள்.

குழந்தைக்கு ஒன்றரை மாதத்து ஊசி போட்டதும் காய்ச்சல் வந்தது, தொடை வீங்கியது. மறுநாள் சரியாகிவிட்டது. ஆனால் எதிராஜுக்குச் சரியாகவில்லை.

"அண்ணாத்தே, அடுத்த ஊசி கெடையாது. சொல்லிட்டேன்" என்று கவுன்டரைத் தட்டினான்.

பின்னால் குழந்தையோடு ரேவதி. "நைனா, நீ சொன்னா ஆச்சா? பொங்கலுக்கு அப்பால வரச் சொல்லிகிறாங்க."

"சொல்லுவாங்க. ராவெல்லாம் புள்ள கத்துச்சே, தோள்ல போட்டுகினு நடந்தது யாரு? சொன்னவங்களா? நானு! அதோ அந்த நிர்மலாப் பொண்ணக் கேளு. ஊசிக்கு முன்னாடி இன்னா சொல்லிச்சி? ஒண்ணும் ஆவாது அங்கிள்னு சொல்லிச்சி. ஆச்சா இல்லியா?"

நிர்மலா எங்கள் பார்மசிஸ்ட். வேலப்பன்சாவடிப் பக்கம் கல்லூரியில் படித்த கெட்டிக்காரி. அவள் வாயைத் திறப்பதற்குள் எதிராஜ் அடுத்ததைக் கேட்டான்.

"அது கெடக்கட்டும். கேன் தூக்கி இடுப்பு வுட்டுப் போச்சி. வலி மாத்திரை ஒரு அட்டை வெட்டிக் குடு."

"நெஞ்சுல ஸ்டென்ட்ட வெச்சிகினு வலி மாத்திரையா? நீ முழுங்குற மாத்திரையோட இதுவும் சேந்தா வயித்துல ரத்தம் கசியும்டா. டாக்டரக் கேக்காம தர மாட்டேன்."

"அட, மாத்திரைதான அண்ணாத்தே! ஊசியா இன்னா?"

பார்த்தீர்களா? நான் இத்தனை காலம் கவுன்டரில் நின்று கண்ட கூத்து இதுதான். மாத்திரை என்றால் மிட்டாய். கேட்காமல் வாங்குவான், சொல்லாமல் முழுங்குவான், மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பான். தடுப்பூசி என்றால் மட்டும் நாட்டில் உள்ள அத்தனை வதந்தியையும் போனில் வைத்துக்கொண்டு வந்து நிற்பான்.

எங்கள் கடைக்கு எதிரே கோவிந்தனின் நாட்டு மருந்துக் கடை. எனக்கு நாற்பது வருஷப் பழக்கம், அதனால் எனக்கும் அவனுக்கும் தினமும் சண்டை. இந்தச் சத்தத்தைக் கேட்டு ரோட்டைத் தாண்டி வந்தான். அவன்தான் எங்கள் தெருப் பொங்கல் விழாக் கமிட்டியில் பெரிய ஆள். கண் பளபளவென்று மின்னியது.

"மச்சான், பட்டிமன்றத்துக்குத் தலைப்பு தேடிகினு இருந்தோம். ரெடியா கீது பாரு!"

அப்படித்தான் நோட்டீஸ் அடித்தார்கள்: 'பெரிதும் அஞ்ச வேண்டியது அன்றாட மாத்திரையின் பக்க விளைவா, தடுப்பூசியின் பக்க விளைவா?' யார் எந்தப் பக்கம் என்று சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கும் நிர்மலாவுக்கும் மாத்திரைக்கு அஞ்ச வேண்டும் என்கிற பக்கம் வந்தது. கோவிந்தனுக்கு ஊசிக்கு அஞ்ச வேண்டும் என்கிற பக்கம்.

எதிராஜ் எங்கள் கடை வாசலில் நின்று பேரன் தலைமேல் கையை வைத்தான். "மேடைல தீர்ப்பு இன்னா வருதோ அதான் எங்க ஊட்ல. ஊசிதான் மோசம்னு வந்தா ஊசி கெடையாது. மாத்திரைதான் மோசம்னு வந்தா, ரேவதி, நீயே தூக்கிகினு போ. நான் கேக்க மாட்டேன்."

உலகத்தில் வேறு எங்கேயாவது ஒரு குழந்தையின் தடுப்பூசியைப் பட்டிமன்றத் தீர்ப்பில் கட்டி வைப்பார்களா? எங்கள் தெருவில் வைப்பார்கள்.

அவன் வண்டி எடுக்கப் போனதும் ரேவதி என் பக்கம் திரும்பினாள். "மாமா, தோத்துடாதீங்க."

"நானா? தோக்கறதா? போய்ப் புள்ளைக்குப் பால் குடும்மா" என்றேன்.

பொங்கல் மறுநாள் சாயங்காலம். தெருவை அடைத்து மேடை, இரண்டு பக்கமும் கரும்பு, பிளாஸ்டிக் நாற்காலி போதாமல் மாடியிலும் மதிலிலும் ஜனம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் நடுவர். முதல் வரிசையில் எதிராஜ், பக்கத்தில் ரேவதி, மடியில் குழந்தை.

கோவிந்தன் ஆரம்பித்தான். அவன் பேச்சாளன் இல்லை, நடிகன். ஊசி போட்ட குழந்தை எப்படிச் சிணுங்கும், எப்படி வீறிடும், தாத்தா எப்படித் தோளில் போட்டுத் தட்டுவார் என்று மேடையில் நடந்து காட்டினான். "பச்ச மண்ணு! அதுக்குப் போயி ஊசியா? எந்த ஊரு நியாயம்யா இது?" விசில் பறந்தது. எதிராஜ் எழுந்து நின்றே கை தட்டினான். ரேவதி என்னைப் பார்த்தாள். எனக்கு முறுக்கேறிவிட்டது.

நாம் மாத்திரையை அட்டையாக வெட்டிக் கொடுக்கிறோம். பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற பொடி எழுத்துத் தாள் யார் கைக்கும் போவதில்லை, நேராகக் குப்பைக்குப் போகிறது. அந்தத் தாள்களை ஒட்டி மாலை மாதிரி நீளமாக்கி ஜிப்பாவுக்குள் சுருட்டி வைத்திருந்தேன். மைக்கைப் பிடித்தேன். "ஊசிக்கு ஒரு நாள் காய்ச்சல். மாத்திரைக்கு என்னன்னு பாக்குறீங்களா?" என்று சொல்லி ஜிப்பாவிலிருந்து இழுத்தேன். இழுத்தேன், இழுத்தேன், வந்துகொண்டே இருந்தது! மேடையைத் தாண்டித் தரையில் விழுந்தது. ஜனம் 'ஓ' என்று எழுந்துவிட்டது.

நிர்மலா அதைப் படித்துத் தமிழில் சொன்னாள். தலைவலிக்குப் போடுகிறது, மூட்டு வலிக்குப் போடுகிறது, நெஞ்செரிச்சலுக்குப் போடுகிறது, ஒவ்வொன்றாக. வயிற்றுப் புண், ரத்தக் கசிவு, சிறுநீரகக் கோளாறு, மயக்கம். ஒவ்வொன்றுக்கும் நான் நடுவில் புகுந்து, "இத நீ நேத்து வாங்கின இல்ல?" என்று கூட்டத்தில் ஒருவரைக் காட்டினேன். சிரிப்பு, அலறல், கைதட்டல். கோவிந்தன் முகம் சுண்டைக்காய் ஆகிவிட்டது. பெண்கள் பர்ஸைத் திறந்து மாத்திரை அட்டையைப் புரட்டிப் பார்த்தார்கள். நடுவர்கூட மேல்பையைத் தொட்டுப் பார்த்தார். என் வாழ்க்கையில் அப்படியொரு கைதட்டலை நான் வாங்கியதில்லை!

அப்போதுதான் எதிராஜ் எழுந்தான்.

"நிறுத்துங்க! எனக்குத் தீர்ப்பு கெடச்சாச்சி!"

சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தான். மேடைக்கு முன்னால் வீசினான். "ரேவதி புள்ளய ஊசிக்குத் தூக்கிகினு போவட்டும். ஆனா இன்னியிலேர்ந்து நான் ஒரு மாத்திரையத் தொட மாட்டேன்! இவ்ளோ விஷத்த இத்தினி நாளா முழுங்கிகினு இருந்துகிறேன்!"

தெருவே கை தட்டியது. அது எந்த அட்டை என்று அதன் மினுமினுப்பை வைத்தே மேடையிலிருந்து எனக்குத் தெரிந்துவிட்டது. நான் விற்றது. அவன் ஸ்டென்ட்டை அடைபடாமல் காக்கிற மாத்திரை.

பிள்ளைகளே, இங்கேதான் நீங்கள் நின்று யோசிக்க வேண்டும். நான் ஜெயித்தால் குழந்தைக்கு ஊசி கிடைக்கும், தாத்தா மாத்திரையை நிறுத்துவான். அப்படி நிறுத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தோற்றால் தாத்தா மாத்திரை முழுங்குவான், குழந்தைக்கு ஊசி இல்லை. விழா முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாமே என்று நினைப்பீர்கள். ஊரே கை தட்டச் சபதம் செய்தவன் தனியாக மனசை மாற்றிக்கொள்ள மாட்டான். மாற்றிக்கொண்டேன் என்று நம்மிடம் சொல்லுவான், மாத்திரையைக் குப்பைத் தொட்டியில் போடுவான். எனக்கு அந்த ரகம் அத்துப்படி. வீசிய இடத்திலேயே அவன் அதை எடுத்தாக வேண்டும். அதுவும் அவனாக எடுக்க வேண்டும்.

நடுவர் மணியை எடுத்துத் தீர்ப்புக்குத் தயாரானார். நான் மைக்கைக் கழற்றிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினேன்.

"எதிராசு, நெஞ்சு வலி வந்த அன்னிக்கு ஆஸ்பத்திரிக்கு எதுல போன?"

"கோவிந்தன் அண்ணாத்தே வண்டில. ஏன்?"

"எப்படி ஓட்டினான்?"

"அத ஏன் கேக்குற! வேலப்பன்சாவடில ரெண்டு லாரிக்கு நடுவுல பூந்தாரு பாரு, எனக்குக் கண்ணு இருட்டிகினு வந்துச்சி."

"அடிபட்டுச் சாவோம்னு பயம் இல்லியா?"

"இல்லாம? ஆனா நெஞ்சு மேல யான ஒக்காந்துகினு கீது. எறங்கி நடந்தா போவ முடியும்?"

"அப்போ அந்த வண்டிய நீ எதோட வெச்சிப் பாத்த? வேற வண்டியோடவா?"

அவன் யோசித்தான். "நெஞ்சு வலியோட."

"அதான்டா! மாத்திரைய ஊசியோட வெச்சிப் பாக்கறது, வண்டிய இன்னொரு வண்டியோட வெச்சிப் பாக்கறது. நீ வீசினியே, அத உன் நெஞ்சு அடைப்போட வெச்சிப் பாரு. புள்ளைக்குப் போடற ஊசிய, மூச்சு வாங்க விடாத கக்குவானோட, தொண்டைய அடைக்கிற நோயோட வெச்சிப் பாரு."

நடுவர் மணியடித்தார். "ஐயா, நீங்கள் தலைப்பை மீறுகிறீர்கள்."

"ஐயா, தலைப்புதான் எங்களை மீறிப் போயிடுச்சு" என்றேன்.

கோவிந்தன் மேடையில் துள்ளினான். "கட்சி மாறிட்டாரு! மாத்திரைக்கு சப்போட்டு பண்றாரு! மச்சான் தோத்துட்டான்!"

"கோவிந்தா, உன் பேத்திக்கு ஊசி போட்டியா இல்லியா?"

அவன் கரும்பைப் பார்த்தான், ஆகாயத்தைப் பார்த்தான். கூட்டம் விடவில்லை. "சொல்லு! சொல்லு!"

"போட்டேன்யா! ஒண்ணு வுடாம போட்டேன். அது ஊடு, இது மேடை!"

மதில் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் சிரித்துச் சிரித்து இந்தப் பக்கமே விழுந்தார். நான் சொன்னேன், "நானும் காலையில சக்கரை மாத்திரையப் போட்டுக்கினுதான் மேடை ஏறினேன்."

எல்லோரும் சிரித்தார்கள், எதிராஜ் சிரிக்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. "அப்போ ரெண்டு பேரும் சேந்து எங்கள சொம்மா ஏமாத்தினீங்களா? மேடைல ஒண்ணு, ஊட்ல ஒண்ணா? எத நம்பறது நானு?"

சிரிப்பு நின்றுவிட்டது. ரேவதி குழந்தையை இறுக்கிக்கொண்டாள். ஒரு சொல் பிசகினால் மாத்திரையும் போச்சு, ஊசியும் போச்சு, ஊரில் எங்கள் பேச்சும் போச்சு. இந்த இடத்தில் 'ஒண்ணும் ஆகாது, பயப்படாதே' என்று சொல்லத்தான் நாக்கு வரும். நாம் எல்லோரும் அதைத்தான் சொல்வோம். என் நாக்கு அதைச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் அதுதான் என் அனுபவம்.

"ஏமாத்தல. பாதிய சொன்னோம். மீதிய இப்போ சொல்றேன், கேளு. புள்ளைக்கு ஊசி போட்டா இந்தத் தபாவும் ஜுரம் வரலாம். தொடை வீங்கலாம். அழும். உன் தோளுக்குத்தான் வேலை. ஒரு நாள், ரெண்டு நாள்ல போயிடும். எப்பவாவது எவனுக்காவது பெருசா ஒத்துக்காமப் போவும். அதுக்குத்தான் ஊசி போட்டதும் அரை மணி அங்கயே ஒக்கார வெக்கிறாங்க. எழுந்து ஓடி வந்துடாத."

"மாத்திரை?"

"உன் மாத்திரையால ஈறுல ரத்தம் வரலாம். வெளிக்கி கறுப்பாப் போனா அன்னிக்கே டாக்டர்கிட்ட ஓடு. ஆனா டாக்டர் நிறுத்தச் சொல்ற வரைக்கும் ஒரு வேளைகூட நீயா நிறுத்தாத."

நிர்மலா மேடையிலிருந்து இறங்கி வந்தாள். "அங்கிள், ஒண்ணும் ஆகாதுன்னு அன்னிக்கு நான் சொன்னேன். காய்ச்சல் வரலாம், வந்தா இப்படிப் பாத்துக்கோங்கன்னு சொல்லியிருக்கணும்."

எதிராஜ் அவளைப் பார்த்தான். கோபத்தில் பாதி இறங்கியது எனக்குத் தெரிந்தது. அட்டை தரையில் கிடந்தது. நிர்மலா குனியப் போனாள், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். மைக் மட்டும் கொய்ங் என்றது. எதிராஜ் தானே குனிந்து எடுத்தான், வேட்டியில் துடைத்தான், பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

எனக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது. அதற்குள் நடுவர் தொண்டையைச் செருமினார். "ஓர் அணி தன் கட்சியைத் தானே கைவிட்டுவிட்டது. விதிப்படி வெற்றி எதிரணிக்கு. அஞ்ச வேண்டியது தடுப்பூசியே என்று தீர்ப்பளிக்கிறேன்."

கோவிந்தன் கைகூடத் தட்டவில்லை. எதிராஜ் மகளையும் பேரனையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். பேரன் தலைமேல் கை வைத்துச் சொன்ன வாக்கு அவனுடையது.

மறுநாள் காலை கடை திறக்கிறதற்கு முன்பே வாசலில் கூட்டம். கை கையாக மாத்திரை அட்டை. "இத நிறுத்தணுமா, முழுங்கணுமா?" நிர்மலா ஒவ்வொருவரையும் நிறுத்தி, எதற்குச் சாப்பிடுகிறார்கள், என்ன தெரிந்தால் டாக்டரிடம் போக வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள். வாங்கிப் போனவர்களைவிட, வேண்டாத வலி மாத்திரையைத் திருப்பி வைத்துவிட்டுப் போனவர்கள் அதிகம். என் மகன் கல்லாவைப் பார்த்து முறைத்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிராஜ் வரவில்லை.

கோவிந்தன் வந்தான். "மச்சான், நான் போயி அவன்கிட்டப் பேசட்டா? தீர்ப்ப வாபஸ் வாங்கிக்கிறேன்னு சொல்றேன்."

"வாணாம். நாம ரெண்டு பேரும் பேசினது போதும். அவன் யோசிக்கட்டும்" என்றேன். வாயை வைத்தே ஜெயித்தவன் நான், பிள்ளைகளே. வாயை மூடிக்கொண்டு இருந்தது அந்த வாரம்தான். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

புதன்கிழமை. ஊசி போடுகிற நாள். தண்ணீர் கேன் வண்டி கடை முன்னால் சத்தத்தோடு வந்து நின்றது. முன் சீட்டில் ரேவதி, மடியில் துணி சுற்றிய குழந்தை. எதிராஜ் இறங்கவில்லை, ஜன்னலில் தலையை நீட்டினான்.

"அண்ணாத்தே! தீர்ப்பு கோவிந்தனுக்கு. எம் பேரனுக்கு இல்ல."

நான் படியிலிருந்து குதித்தேன். இந்த வயதில் குதித்தேன்!

"ஆனா ஒண்ணு" என்று விரலை நீட்டினான். "நீ சொன்னதுக்கு மேல ஒண்ணு ஆச்சின்னாலும் நேரா இங்கதான் வருவேன்."

"வாடா. இங்கதான் நிப்பேன்" என்றேன். வண்டி போய்விட்டது. நிர்மலா என்னைப் பார்த்தாள். அன்றைக்குப் பூராவும் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் நாங்கள் இரண்டு பேரும் வாசலைப் பார்த்தோம்.

மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் வந்தான். கண் சிவந்து, சட்டை தோளில் பால் கக்கின கறை. கவுன்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு என்னையும் நிர்மலாவையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஜுரம் வந்துச்சி. தொடை வீங்கிச்சி. கத்துச்சி பாரு, எங்கப்பா! அப்பால நேத்து சாயங்காலம் போயே போச்சி." மூச்சு விட்டான். "நீங்க சொன்ன மாதிரியே வந்துச்சி, சொன்ன மாதிரியே போச்சி. அடுத்த ஊசிக்கும் நான்தான் தூக்கிகினு போவேன்."